சீட்டில் இல்லாத சரக்கு

மார்கழி நெருங்கினால் ஸ்ரீரங்கத்துக்கு நீளமான அட்டவணை ஒன்று தேவைப்படும். திருநெடுந்தாண்டகத்தில் தொடங்கி பகல் பத்து, இராப்பத்து என்று 21 நாள் விழா. பகல் பத்தின் கடைசி நாளில் மோகினி அலங்காரம், மறுநாள் விடியலில் பரமபத வாசல் திறப்பு, இராப்பத்து எட்டாம் நாள் வேடுபரி, நிறைவில் நம்மாழ்வார் மோட்சம். எந்த நாள் எத்தனை மணிக்குப் புறப்பாடு, மூலவர் சேவை எப்போது உண்டு, எப்போது இல்லை என்று பக்தர்களுக்கு ஆயிரம் கேள்விகள். ஒரு காலத்தில் கோபுர வாசலில் ஒட்டிய நோட்டீஸ் பதில் சொன்னது. இன்று தஞ்சாவூரில் பஸ் ஏறுகிறவர், வண்டி துவாக்குடி தாண்டுவதற்குள் போனிலேயே தேடிவிடுகிறார்.

நோட்டீஸை ஓர் அச்சகம் கோத்தது. தலைப்பு எவ்வளவு பெரிது, தேதிக்கும் நேரத்துக்கும் நடுவே எவ்வளவு இடம், எதற்குத் தடித்த எழுத்து என்பதையெல்லாம் முழு விஷயத்தையும் கண்முன் வைத்துக்கொண்டு ஒருவர் தீர்மானித்தார். இணையத்தில் அப்படியில்லை. பக்கத்தை வடிவமைத்தவர் ஆறு மாதத்துக்கு முன்பே வேலையை முடித்துப் பணம் வாங்கிப் போயிருப்பார். அட்டவணையை அலுவலகத்து டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் நேற்று மாலை தட்டச்சு செய்து சேமித்திருப்பார். வாசகர் பக்கத்தைத் திறக்கும் அந்த நொடியில் செயலி அதை எடுத்துவந்து நடுவில் செருகுகிறது. வடிவமைத்தவர் அந்த அட்டவணையைப் பார்த்ததில்லை. தட்டச்சு செய்தவருக்கு வடிவமைப்பில் என்ன விதி இருக்கிறதென்று தெரியாது. கோயிலோ கல்லூரியோ மாநகராட்சியோ மருத்துவமனையோ, தமிழ்த் தளங்களில் பார்க்கும் அலங்கோலங்களில் பெரும்பகுதி இந்தச் செருகல் நடக்கும் இடத்தில்தான் பிறக்கிறது.

தொழில்நுட்பம் சிறியதுதான். ‘இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல்’ என்று சொல்வது எச்டிஎம்எல். தலைப்பு எந்த நிறம், பத்திக்கு எவ்வளவு இடைவெளி என்று சொல்வது சிஎஸ்எஸ். நார்வேக்காரரான ஹோக்கன் வியும் லீ 1994 அக்டோபரில் இந்த யோசனையை முன்வைத்தார். 1996 டிசம்பரில் முதல் தரநிலை வந்தது. உள்ளடக்கம் ஓரிடத்தில், ஒப்பனை வேறிடத்தில் என்பதே அதன் அடிப்படை. 2003இல் டேவ் ஷே தொடங்கிய ‘சிஎஸ்எஸ் சென் கார்டன்’ தளம் இதைக் கண்கூடாகக் காட்டியது. எச்டிஎம்எல்லில் ஒரு புள்ளியும் மாறாது. ஒப்பனைக் கோப்பை மட்டும் மாற்றினால் அதே பக்கம் முற்றிலும் வேறொரு தோற்றம் எடுக்கும்.

அப்புறம் காற்று திசை மாறியது. பெரிய செயலிகளில் ஒப்பனைக் கோப்பு வீங்கிக்கொண்டே போனது. எந்த விதியை நீக்கினால் எந்தப் பக்கம் உடையும் என்று யாருக்கும் தெரியாத நிலை. 2017 ஆகஸ்டில் கனடாவைச் சேர்ந்த ஆடம் வாதன் ஒரு கட்டுரை எழுதினார்: உள்ளடக்கம், ஒப்பனை என்ற பிரிவினையையே கேள்விக்குள்ளாக்கிய கட்டுரை. அதே ஆண்டு நவம்பரில், அந்தச் சிந்தனையில் எழுந்த ‘டெயில்விண்ட்’ என்ற ஒப்பனைக் கருவி வெளிவந்தது. ஒப்பனை விதிக்கு வைக்கும் பெயர்தான் கிளாஸ்; அதில் ஒரு கிளாஸுக்கு ஒரே வேலை. ‘பி-4’ என்றால் உள்ளே 16 பிக்சல் இடைவெளி, ‘டெக்ஸ்ட்-சென்டர்’ என்றால் நடுவில் வை, ‘ஃபான்ட்-போல்ட்’ என்றால் தடிமன். ஒரு பொத்தானுக்கு இப்படிப் பத்துப் பன்னிரண்டு கிளாஸ்களை வரிசையாக எழுதுவார்கள். பார்க்க அசிங்கம், வேலைக்கு அருமை. பொத்தான் எப்படித் தெரியும் என்பது அந்த வரியிலேயே இருக்கிறது, வேறு கோப்பைத் தேட வேண்டியதில்லை. திருச்சி நவல்பட்டு ஐடி பூங்காவில் வேலை தேடும் இளைஞருக்கு இன்று இது தெரிந்திருப்பது நல்லது.

சிக்கல் இந்தக் கருவியின் கெட்டிக்காரத்தனத்திலேயே இருக்கிறது. ஆயிரக்கணக்கான கிளாஸ்களையும் வாசகரின் போனுக்கு அனுப்பினால் பக்கம் கனத்துப்போகும். அதனால் டெயில்விண்ட், தளத்தைக் கட்டும்போதே எழுதிய கோப்புகளையெல்லாம் படித்து, அவற்றில் கண்ட கிளாஸ்களுக்கு மட்டும் விதி தயாரிக்கிறது. காந்தி மார்க்கெட் மளிகைக் கடையில் சீட்டைக் கொடுத்தால், சீட்டில் உள்ளதை மட்டும் கட்டிக் கொடுப்பார்கள். வீட்டில் விருந்தாளி வந்தபின் ஏலக்காய் கேட்டால் மூட்டையில் இருக்காது. தரவுத்தளத்திலிருந்து பிறகு வந்து இறங்கும் அறிவிப்பில் ஒரு கிளாஸ் இருந்து, கட்டும்போது கருவியின் கண்ணில் அது படாமல் போயிருந்தால், அந்தக் கிளாஸுக்கு உயிரே இல்லை. பிழைச் செய்தி வராது, சிவப்பு எச்சரிக்கை வராது. நிறம் மட்டும் வராது.

நிரலர்கள் இதில் இன்னொரு குழியும் வெட்டிக்கொள்கிறார்கள். ‘டெக்ஸ்ட்’ என்பதோடு தரவிலிருந்து வரும் நிறத்தின் பெயரை ஒட்டி, அதன் பின்னால் 600 என்ற எண்ணைச் சேர்த்து, ஓடும்போது கிளாஸ் பெயரைத் தயாரிப்பார்கள். கருவி நிரலை இயக்கிப் பார்ப்பதில்லை. வெறும் எழுத்தாகவே படிக்கிறது. துண்டு துண்டாக இருக்கும் பெயரை அது அடையாளம் காணாது. முழுப் பெயர்களை எங்காவது எழுதிவைத்து அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று டெயில்விண்டின் ஆவணமே சொல்கிறது. ‘சேஃப்லிஸ்ட்’ என்ற விதிவிலக்குப் பட்டியலும் உண்டு. அவசரத்துக்கு உதவும், பட்டியல் வளர வளர, சீட்டு எழுதியதன் பயன் போய்விடும்.

மூன்றாவது சங்கதி இதைவிடப் பெரியது. டெயில்விண்ட் தொடக்கத்திலேயே உலாவியின் இயல்பான ஒப்பனையைத் துடைத்துவிடுகிறது. ‘பிரிஃப்ளைட்’ என்று அதற்குப் பெயர். தலைப்புகள் பத்தி எழுத்தின் அளவுக்குச் சுருங்கும், பட்டியலின் புள்ளிகளும் எண்களும் மறையும், பத்திகளுக்கு நடுவே இருந்த இடைவெளி போகும். நிரலர் கையால் கட்டும் பக்கத்துக்கு இது வசதி, ஒவ்வொன்றையும் தன் விருப்பப்படி அவரே அமைத்துக்கொள்வார். செருகப்படும் அறிவிப்புக்கு அப்படிக் கவனிக்க யாரும் இல்லை. ஆபரேட்டர் எடிட்டரில் ஒழுங்காகத் தலைப்பு வைத்து, எண்ணிட்டுப் பட்டியல் போட்டுச் சேமித்தார். வெளியே வந்தபோது எல்லாம் ஒரே கட்டியாகக் கிடக்கிறது. 21 நாள் விழா ஒரே பத்தி.

அதைப் பார்த்த ஆபரேட்டர் என்ன செய்வார்? நிரலரைக் கூப்பிட முடியாது, ஒப்பந்தம் முடிந்துவிட்டது. வேர்டில் அட்டவணை அடித்து, பிரின்ட் எடுத்து, முத்திரை குத்தி, போனில் படம் பிடித்து ஏற்றிவிடுவார். தமிழ்நாட்டு அலுவலகத் தளங்களில் அறிவிப்பு என்றால் சாய்ந்த ஸ்கேன் படம் என்று ஆனதற்குச் சோம்பல்தான் காரணம் என்று சொல்வது எளிது. எழுத்தாகப் போட்டால் சிதைகிறது, படமாகப் போட்டால் நிற்கிறது என்று அனுபவம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருப்பதும் ஒரு காரணம். ஆனால் அந்தப் படத்தில் தேட முடியாது, எழுத்தைப் பெரிதாக்கினால் மங்கும், பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதன்முன் ஊமையாகும். மத்திய அரசின் இணையதள நெறிமுறைகள் 2009இலேயே வந்துவிட்டன. 2023இல் மூன்றாம் பதிப்பும் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டுடையது. காகிதத்தில் குறையொன்றுமில்லை.

இதற்குத் தீர்வு டெயில்விண்டை வைதுகொண்டிருப்பதில் இல்லை. அதை உருவாக்கியவர்களே இந்த ஓட்டையை உணர்ந்துதான் 2020இல் ‘டைப்போகிராஃபி’ என்ற துணைக்கருவியை வெளியிட்டார்கள். செருகப்படும் எழுத்தைச் சுற்றி ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்கு ‘புரோஸ்’ என்ற ஒரே கிளாஸ். பெட்டிக்குள் எந்தத் தலைப்பு வந்தாலும், எந்தப் பட்டியல் வந்தாலும், குறிச்சொல்லைப் பார்த்து ஒப்பனை தானாக ஏறும். சென் கார்டன் 2003இல் காட்டிய வழிக்கு இது கிட்டத்தட்ட ஒரு திரும்புதல். நிரலர் தன் கையால் கட்டும் சட்டகத்துக்குப் பயன்பாட்டுக் கிளாஸ்கள், அன்றாடம் வந்து இறங்கும் உள்ளடக்கத்துக்குப் பெட்டி விதிகள் என்று வேலையைப் பிரித்துக்கொள்வதே சரி. இரண்டில் ஒன்றுதான் உத்தமம் என்று சண்டை போடுகிறவர்கள், உள்ளே எழுதப்போகிற ஆளை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். கிளாஸ் பெயர்களை ஆபரேட்டருக்குக் கற்றுக்கொடுத்து எழுதச் சொல்வது எல்லாவற்றிலும் மோசமான யோசனை. அதையும் செய்து பார்க்கும் இடங்கள் உண்டு.

பெட்டி மட்டும் போதுமா என்றால், ஆங்கிலத்துக்குப் பெரும்பாலும் போதும். தமிழுக்குப் போதாது. இந்தக் கருவிகளின் இயல்பு அளவுகள் ரோமன் எழுத்தை மனத்தில் வைத்து அமைந்தவை. டெயில்விண்டில் 48 பிக்சல் தலைப்புக்கு வரி உயரமும் அதே 48 பிக்சல்தான். ஆங்கிலத் தலைப்பு இரண்டு வரியாக மடிந்தால் கச்சிதமாகத் தெரியும். தமிழில் மேல்வரியின் ‘கூ’, ‘ஸ்ரீ’ கீழே தொங்க, கீழ்வரியின் ‘கி’, ‘கீ’ தலை தூக்க, இரண்டும் முட்டிக்கொள்ளும். பெட்டிக்கு வெளியே போவதை மறைக்கும் விதியும் சேர்ந்திருந்தால், கொம்பும் விசிறியும் நறுக்கென்று வெட்டுப்படும். இயல்பு எழுத்துருப் பட்டியலில் தமிழ் எழுத்துரு எதுவும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை; போன் எதைத் தருகிறதோ அதுதான். சாய்வெழுத்துக் கிளாஸைப் போட்டால், சாய்வு வடிவம் இல்லாத தமிழ் எழுத்துருவை உலாவி முரட்டுத்தனமாகத் தள்ளிச் சாய்க்கும். ஆங்கிலத்தைப் பெரிய எழுத்தாக்கும் ‘அப்பர்கேஸ்’ கிளாஸுக்குத் தமிழில் வேலையே இல்லை. அதை நம்பித் தலைப்பை வேறுபடுத்திய வடிவமைப்பில் தமிழ்த் தலைப்பு பத்தியோடு பத்தியாகக் கலந்துவிடும்.

வெட்டுவது தனிக் கதை. செய்தி அட்டைகளில் இடம் சிறிது என்று நிரலர்கள் எழுத்தை எண்ணி வெட்டுகிறார்கள். ‘திருச்சிராப்பள்ளி’ தமிழ் வாசகருக்கு 9 எழுத்து. யூனிகோடில் 17 குறிகள். ஒன்பதாவது குறியில் வெட்டினால் மிஞ்சுவது ‘திருச்சிர’. கால் போய் ஊர் நொண்டுகிறது. ‘ஸ்ரீரங்கம்’ என்பதில் முதல் எழுத்தே 4 குறிகள். மூன்றில் வெட்டினால் ‘ஸ்ர’. எழுத்துக் கூட்டங்களைப் பிரித்துத் தர உலாவிகளில் இப்போது ‘செக்மென்ட்டர்’ என்ற வசதி இருக்கிறது. அதுகூட யூனிகோடின் இயல்பு விதிப்படி ‘ஸ்ரீ’யை இரண்டாகவே எண்ணும். இங்கே பயன்பாட்டுக் கிளாஸ்களைப் பாராட்டத்தான் வேண்டும்: ‘லைன்-கிளாம்ப்-2’ என்று ஒரு கிளாஸ் போட்டால் எண்ணும் வேலையே இல்லை, இரண்டு வரிக்கு மேல் தெரியாமல் உலாவியே பார்த்துக்கொள்ளும். எழுத்து சிதைக்கப்படாமல் முழுசாக உள்ளே இருக்கும்.

ஸ்ரீரங்கத்துக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. 2005இல் யூனிகோட் 4.1 பதிப்பில் ‘ஶ’ என்ற எழுத்து தனியாகச் சேர்ந்தது. அதிலிருந்து ‘ஸ்ரீ’யை ‘ஸ’ கொண்டும் எழுதலாம், ‘ஶ’ கொண்டும் எழுதலாம். திரையில் பெரும்பாலும் ஒரே வடிவம், உள்ளே வெவ்வேறு குறிகள். ஒருவர் ஒரு விதமாக ஏற்றிய அறிவிப்பை, வேறு விசைப்பலகையில் தட்டித் தேடுகிறவருக்குத் தளம் ‘இல்லை’ என்று சொல்லக்கூடும். எந்த ஒப்பனையாலும் இதைச் சரிசெய்ய முடியாது. சேமிக்கும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

தமிழ் இணையத்துக்கு ஒப்பனையும் உள்ளடக்கமும் பின்னிக்கொண்ட பழைய காயம் ஒன்று உண்டு. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, கணையாழியில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்று எழுதி, பின்னாளில் ‘அம்பலம்’ இணைய இதழுக்கு ஆசிரியராகவும் இருந்த சுஜாதாவின் தலைமுறைக்கு அது நன்றாகத் தெரியும். அந்த நாளில் தளத்துக்குத் தளம் எழுத்துரு வேறு. எழுத்துருவை இறக்கிக்கொள்ளாவிட்டால் தமிழுக்குப் பதில் ரோமன் கிறுக்கல். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பின் மாநில அரசு டாம், டாப் என்ற குறியேற்றங்களை ஏற்றது. 2010இல் யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக்கியது. பழைய கோப்புகள் அதற்காகக் காணாமல் போய்விடவில்லை. பழைய எழுத்துருவில் அடித்த பத்தியை இன்றும் வேர்டிலிருந்து எடுத்து எடிட்டரில் ஒட்டுகிறார்கள். எழுத்துருவின் பெயர் கூடவே ஒட்டிவரும்வரை, அந்த எழுத்துரு உள்ள அலுவலகக் கணினியில் தமிழாகத் தெரியும். புதிய தளத்தின் வடிகட்டி ‘தேவையற்ற ஒப்பனை’ என்று அந்தப் பெயரைக் கழற்றியதும் உண்மை வெளிப்படும்: உள்ளே தமிழே இல்லை.

வடிகட்டியைக் குறை சொல்லவும் முடியாது; அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று 2005 அக்டோபரில் உலகம் பார்த்தது. மைஸ்பேஸ் தளத்தில் அப்போது பயனர்கள் தங்கள் பக்கத்தை எச்டிஎம்எல்லால் அலங்கரிக்க முடிந்தது. சாமி காம்கர் என்ற இளைஞர் பின்னணிப் படத்துக்கான ஒப்பனை வரிக்குள் நிரலை ஒளித்து வைத்தார். வடிகட்டி தேடிய சொல்லை நடுவே ஒடித்து எழுதியதால் அது சிக்கவில்லை. ஏறக்குறைய 20 மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களுக்கு அது பரவியது. புகுந்த வழி ஒப்பனை வரி என்பதைக் கவனிக்க வேண்டும். ரியாக்ட் கருவியில் எச்டிஎம்எல்லை நேரடியாகச் செருகும் வசதிக்கு ‘டேஞ்சரஸ்லி-செட்-இன்னர்-எச்டிஎம்எல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; அபாயத்தைப் பெயரிலேயே எழுதிவிட்டார்கள். ஆகவே சேமிக்க வரும் எழுத்தில் தலைப்பு, பத்தி, பட்டியல், அட்டவணை, இணைப்பு, அழுத்தம் போன்றவற்றை மட்டும் விட்டுவைத்து, உடன்வரும் ஒப்பனை வரிகளையும் கிளாஸ்களையும் களைவதுதான் பாதுகாப்பு. களைந்தபின் பெட்டி விதி அழகு பார்த்துக்கொள்ளும்.

இந்தப் பிரச்சினை குறையப்போவதில்லை, பெருகப்போகிறது. கேள்வி கேட்டால் தமிழில் பதில் தரும் உரையாடல் செயலிகளை இன்று ஒவ்வொரு நிறுவனமும் தன் தளத்தில் ஒட்டுகிறது. அந்தப் பதில்கள் பெரும்பாலும் நட்சத்திரம் போன்ற குறிகளால் தலைப்பு, தடிமன், பட்டியலைச் சுட்டும் ‘மார்க்டவுன்’ வடிவில் பிறந்து, எச்டிஎம்எல்லாக மாறி, திரையில் செருகப்படுகின்றன. எந்தப் பதிலையும் எந்த வடிவமைப்பாளரும் முன்கூட்டிப் பார்த்திருக்க முடியாது. நட்சத்திரக் குறிகள் அப்படியே தெரிவது, எண் மறைந்த பட்டியல், ஓரத்தில் வெட்டுப்பட்ட அட்டவணை எல்லாம் அதே பழைய ஓட்டை வழியே வருபவைதான்.

திருச்சிக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு என்று சொன்னால் மிகையில்லை. 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய என்ஐடி, 1982இல் வந்த பாரதிதாசன் பல்கலைக்கழகம், 2013இல் வந்த ஐஐஐடி, சுற்றிலும் தனியார் பொறியியல் கல்லூரிகள், தில்லைநகரில் பயிற்சி மையங்கள் என்று தமிழ்நாட்டின் நடுவே வலைத்தளம் கட்டக் கற்கும் ஊர் இது. பயிற்சிக்காகக் கட்டும் பக்கங்களை நிரப்ப மாணவர்கள் எடுப்பது ‘லோரம் இப்சம்’ என்ற சிதைந்த லத்தீன். காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு சிசரோவின் உடைந்த வாக்கியங்களை வைத்து வரி உயரம் பார்ப்பதில் என்ன நியாயம்? உள்ளூரிலேயே கடுமையான பரீட்சைகள் கிடக்கின்றன. பஞ்சப்பூரில் 2025 மே மாதம் திறந்த ‘கலைஞர் மு. கருணாநிதி ஒருங்கிணைந்த பேருந்து முனையம்’ என்ற பெயரைச் சிறிய போனின் அட்டையில் அடக்கிப் பார்க்கட்டும். ‘பிரேக்-ஆல்’ கிளாஸைப் போட்டால் சொல் எங்கெங்கோ ஒடியும். ‘பிரேக்-வேர்ட்ஸ்’ போட்டால் இடமே இல்லாதபோது மட்டும் ஒடியும். ஒரே மாலையில் புரிந்துவிடும் பாடம்.

அலுவலகங்கள் செய்ய வேண்டியது ஒப்பந்தத்தில் இருக்கிறது. முகப்புப் பக்கத்தின் படத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கும் வழக்கத்தை நிறுத்தலாம். அதற்குப் பதிலாக, அலுவலக ஆபரேட்டரே ஒப்பந்ததாரர் எதிரில் உட்கார்ந்து, மூன்று நிலைத் தலைப்புகளும் எண்ணிட்ட பட்டியலும் ஐந்து நெடுவரிசை கொண்ட அட்டவணையும் உள்ள ஓர் அறிவிப்பைத் தமிழில் ஏற்றட்டும். வாட்ஸ்அப்பிலிருந்து ஒரு பத்தி, பழைய வேர்டு கோப்பிலிருந்து ஒரு பத்தி ஒட்டட்டும். பிறகு மலிவான ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் திறந்து, எழுத்தை இரட்டிப்பாக்கி, திரைவாசிப்பானை ஓடவிட்டுப் பார்க்கட்டும். பழைய எழுத்துருவில் வந்த பத்தியைத் தளம் கண்டுபிடித்து, யூனிகோடுக்கு மாற்றச் சொல்லி ஆபரேட்டரிடம் கேட்க வேண்டும். அகன்ற அட்டவணை பக்கத்தை உடைக்காமல் தன் பெட்டிக்குள்ளேயே பக்கவாட்டில் நகர வேண்டும். வரி உயரம் எழுத்தின் அளவைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இருந்தால் தமிழுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். 2018இல் வந்த டபிள்யுசிஏஜி 2.1 என்ற இணைய அணுகல் நெறிகள், வாசகர் அவ்வளவு இடைவெளி வைத்துக்கொண்டாலும் பக்கம் உடையக் கூடாது என்கின்றன. இந்தச் சோதனை முடியும்வரை கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். மார்கழி அட்டவணையை ஏற்றும் தளமானால், சோதனையை ஐப்பசியிலேயே வைத்துக்கொள்வது நல்லது.